எல்டி1 கமாரோ பிளக் ஒயர்: கீழ் வழியா, மேல் வழியா?

எங்கிட்ட இருக்கறது 1996 ஷெவர்லே கமாரோ இசட்28. 5.7 லிட்டர் எல்டி1 வி8, 285 குதிரைசக்தி, ஆறு கியர் மேனுவல். டல்லாஸ் பக்கத்துல எங்க வீட்டு கராஜ்ல நிக்குது, வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோ வெளிய வரும். இந்த வண்டிக்கு பிளக் ஒயர், அதாவது ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோற ஒயர், நானே ரெண்டு தடவை மாத்திட்டேன். 2021ல கம்பெனி போட்ட மாதிரியே கீழ் வழியா, 2023ல வால்வ் கவர் மேல ஏத்தி மேல் வழியா. ஒரே வண்டி, அதே கை, அதனால எது எப்படின்னு கொஞ்சம் தைரியமா சொல்ல முடியும். முன்னாடியே சொல்லிடறேன், நான் மேல் வழி கட்சி. நடுநிலையா எழுதற மாதிரி நடிக்கப் போறதில்ல.

எல்டி1 பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய சின்ன பிளாக் ஷெவி வி8ல, ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வச்சு கரண்டைப் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினுக்குப் பின்னாடி மேலாப்ல நிக்கும், அங்கேர்ந்து ஒயர் ரெண்டு பக்கமும் இறங்கும், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எல்டி1ல அதைக் கொண்டுபோய் முன்னாடி, கேம்ஷாஃப்ட் மூக்குல, வாட்டர் பம்புக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டாங்க. அதுதான் ஆப்டிஸ்பார்க், சுருக்கமா ஆப்டி. எட்டு ஒயரும் அந்தக் குழியிலேர்ந்து கிளம்பி, பாசஞ்சர் பக்கம் ஆல்டர்நேட்டர் பிராக்கெட்டுக்குப் பின்னாடியும் டிரைவர் பக்கம் பவர் ஸ்டீயரிங் பம்புக்குப் பின்னாடியும் நுழைஞ்சு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (இன்ஜின் புகை வெளிய போற சூடான குழாய்த் தொகுதி) கீழ ஓடி, பிளக்குக்குக் கீழ்லேர்ந்து ஏறும். இது பத்தாதுன்னு கமாரோல முன் கண்ணாடி இன்ஜினோட பின் பாதி மேல கூரை மாதிரி வந்து நிக்குது. ஹூடைத் திறந்தா பாதி இன்ஜின்தான் தெரியும். 7ம் 8ம் சிலிண்டர் அந்தக் கூரைக்கு அடியில. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு புலம்புவாங்க, இங்க கைக்கே எட்டாது.

இதே இன்ஜின்தான் 1992லேர்ந்து 1996 வரைக்கும் கார்வெட்ல வந்துச்சு. ஆனா அதுல முன் மூஞ்சி மொத்தமும் ஹூடோட சேர்ந்து முன்னாடி சாயும், டயர் மேல உக்காந்துகிட்டு வேலை பார்க்கலாம். குடுத்து வச்சவங்க. 1998 கமாரோவுக்கு எல்எஸ்1 வந்தப்ப சிலிண்டருக்கு ஒரு காயில்னு வால்வ் கவர் மேலயே வச்சுட்டாங்க, ஒயர் ஒரு சாண்தான் இருக்கும். இப்ப எல்டி1க்கும் அந்த மாதிரி எட்டு காயில் போடற கிட் கிடைக்குது, ஆனா அதுக்கு ஆகற காசும் குடைச்சலும் வேற கணக்கு, அதனால அதை இங்க இழுக்கல.

எல்லாருக்கும் தெரிஞ்சதை வேகமா சொல்லி முடிச்சுடறேன். இன்ஜின் ஆறட்டும், பேட்டரி ஒயரைக் கழட்டுங்க, பிளக்கையும் சேர்த்தே மாத்திடுங்க, ஒவ்வொரு ஒயருக்கும் ரெண்டு முனையிலயும் நம்பர் ஒட்டுங்க, ஒயர் முனையில இருக்கற ரப்பர் உறைக்குள்ள (பூட்) கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ். அவ்வளவுதான்.

கீழ் வழியோட நல்லது என்னன்னா யோசிக்க வேண்டியதே இல்ல. அளவு வெட்டி ரெண்டு பக்கமும் பூட் மாட்டின செட்டா வருது, எந்த பார்ட்ஸ் கடையிலயும் கிடைக்கும், விலையும் கம்மி. கம்பெனிக்காரன் போட்ட பாதை மேனிஃபோல்டு சூட்டுக்குக் கொஞ்சம் விலகித்தான் போகுது, கிளிப்பும் லூமும் (ஒயரைச் சேர்த்துப் பிடிக்கற உறை) ஒழுங்கா மாட்டினா ஒயர் எங்கயும் உரசாது. அந்த "ஒழுங்கா மாட்டினா"லதான் வந்து நிக்குது விஷயம். நான் வண்டியை ஜாக் ஸ்டாண்டுல ஏத்தி, ஆல்டர்நேட்டரைக் கழட்டி, முன்னாடி இருக்கற ரெண்டு மூணு பிளக்கை மேல்லேர்ந்தும் மீதியைக் கீழ படுத்துகிட்டும் பார்த்தேன். ரெண்டு சனிக்கிழமை, மொத்தம் ஒம்போது மணி நேரம். முழங்கை வரைக்கும் பூனை பிறாண்டின மாதிரி கோடு. 7க்குப் போற ஒயரோட கடைசி கிளிப் இருக்கே, அது "டிக்"னு உக்காந்துச்சா இல்லையான்னு கண்ணால பார்க்கவே முடியல, விரல் நுனியில தடவிப் பார்த்து உக்காந்துருச்சுன்னு நானே முடிவு பண்ணிகிட்டேன்.

உக்காரல. ரெண்டு வருஷம்கூட ஆகல, ஒரு நாள் ஹைவேல ஏறும்போது வண்டி இருமுச்சு, செக் இன்ஜின் லைட் மினுக்குச்சு, ஸ்கேனர்ல பி0307, ஏழாம் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது ஒழுங்கா பத்திக்கல. ராத்திரி கராஜ் லைட்டை அணைச்சுட்டு இன்ஜினை ஓட விட்டு ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணியைப் பூ மாதிரி அடிச்சா, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) பக்கத்துல நீலமா பொறி பறக்குது. ஒயர் கிளிப்லேர்ந்து நழுவி மேனிஃபோல்டு மேல சாஞ்சு தோல் கருகியிருக்கு. ஒயர் மேல குத்தமில்ல, தப்பு என்னோடது. ஆனா கண்ணுக்குத் தெரியாத எடத்துல நடக்கற தப்பு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வெளிய வரும்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. எங்க வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு "ஏங்க, திரும்பவும் ரெண்டு சனிக்கிழமையா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க.

அதுக்கப்புறம்தான் மேல் வழி. ஆப்டிலேர்ந்து கிளம்பற ஒயரை வாட்டர் பம்போட ரெண்டு ஓரமும் நேரா மேல ஏத்தி, வால்வ் கவர் மேல வரிசையா படுக்க வச்சு, ஒவ்வொண்ணா மேனிஃபோல்டு குழாய்களுக்கு நடுவுல பிளக்குக்கு இறக்கறது. நீளம் எல்லாமே மாறுது, அதனால ரெடிமேட் செட் உதவாது, நாமளே வெட்டி முனை கட்டற யுனிவர்சல் செட்தான் வாங்கணும். இங்கதான் நிறைய பேர் சொதப்பறாங்க. சாதா கட்டிங் பிளேயர்ல நசுக்கி முனை கட்டாதீங்க, கிரிம்ப் டூல் ஒண்ணு வாங்கிடுங்க, கட்டின ஒவ்வொரு ஒயரையும் மல்டிமீட்டர்ல வச்சுப் பாருங்க, ஆட்டிப் பார்க்கும்போது ரீடிங் குதிச்சா அந்த முனையை வெட்டிப் போட்டுட்டு மறுபடி கட்டுங்க. நான் மூணு முனையை இப்படி வெட்டினேன். பிளக் பக்கம் இறங்கற கடைசி அரை அடிக்கு சூடு தாங்கற ஃபைபர் உறை போட்டேன், அது இல்லாம இந்தப் பாதை வேண்டாம், ஏன்னா மேல்லேர்ந்து வர்ற ஒயர் மேனிஃபோல்டைக் கடந்துதான் ஆகணும், கீழ் வழியைவிட இது சூட்டுக்குக் கிட்ட.

இன்னொரு விஷயம், இதை விட்டா உழைச்சதெல்லாம் வீண். இந்த இன்ஜினோட ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்ல பொறி விழற வரிசை, 1-8-4-3-6-5-7-2. அஞ்சுக்கு அடுத்த பொறி ஏழு, ரெண்டும் டிரைவர் பக்கம் பக்கத்து பக்கத்து சிலிண்டர். இந்த ரெண்டு ஒயரும் ஒட்டிகிட்டே நீளமா ஓடினா, அஞ்சுல பாயற வோல்டேஜ் ஏழுல தூண்டி விட்டுடும், ஏழு நேரத்துக்கு முன்னாடியே பத்திக்கும். வால்வ் கவர் மேல அழகா இருக்கட்டும்னு நாலையும் ஒண்ணா சேர்த்து டை கட்டறவங்களுக்கு இதுதான் நடக்கும். நான் சீப்பு மாதிரி இருக்கற ஒயர் செப்பரேட்டர் போட்டு, வரிசையை 5, 3, 7, 1னு மாத்தி வச்சேன். பார்க்க ஒழுங்கில்லாத மாதிரிதான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்.

எந்த ஒயர்னு கேட்டா, தடிமனைப் பார்த்து ஏமாறாதீங்க. 8.5 மில்லி போட்டா பவர் ஏறும்னு சொல்றதெல்லாம் கதை, தடிமன்ங்கறது பெரும்பாலும் மேல இருக்கற இன்சுலேஷன்தான். உள்ள என்ன இருக்குங்கறதுதான் பேச்சு. கம்பெனி ஸ்டைல் ஒயர்ல கார்பன் ஏத்தின நூல், அது சூட்டுலயும் இழுப்புலயும் நாளாக நாளாக உள்ளுக்குள்ளயே அறுந்துடும், வெளிய ஒண்ணும் தெரியாது. ஸ்பைரல் கோர்ல நடு இழை மேல மெல்லிசு கம்பியைச் சுத்தியிருப்பாங்க, வளைச்சு வெட்டிக் கட்டறதுக்கு அதுதான் தாங்குது. மின்தடையைப் பார்த்தா, எம்எஸ்டியோட 8.5 மில்லி அடிக்கு 50 ஓம்ஸ்க்கும் கீழ, டெய்லர் ஸ்பைரோ-ப்ரோ 8 மில்லி அடிக்கு 350 ஓம்ஸ். நான் போட்டது ரெண்டாவது. தெருவுல ஓடற என் வண்டிக்கு இந்த ஓம்ஸ் வித்தியாசம் தெரியவே தெரியாது, 8 மில்லி கொஞ்சம் வளைஞ்சு குடுக்குதுங்கற ஒரே காரணம்தான்.

சரி, நான் ஏன் மேல் வழி கட்சின்னு சொல்றேன். அழகோ பவரோ இல்ல, மறுபடி கை வைக்கற வேலை. எல்டி1 வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும், வாட்டர் பம்ப் என்னைக்காவது ஒழுகும், ஒழுகற தண்ணி நேரா ஆப்டி மேலதான் சொட்டும். அப்ப பம்பைக் கழட்டணும், ஆப்டியைக் கழட்டணும், அதுக்கு எட்டு ஒயரையும் ஆப்டியோட மூடிலேர்ந்து உருவணும். கீழ் வழியில ஒயர் பிராக்கெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல மாட்டிகிட்டு நிக்கும், இழுத்தா பூட் கிழியும், கிழிஞ்சா அந்த ஒரு ஒயருக்காக மறுபடி கீழ படுக்கணும். அதாவது ஒயர் வேலைன்னு ஒண்ணு தனியா இல்ல, இந்த இன்ஜினோட மூக்குல எந்த வேலை வந்தாலும் ஒயரும் கூடவே வந்து நிக்கும். மேல் வழியில செப்பரேட்டரைத் தளர்த்தினா மொத்தக் கொத்தையும் அப்படியே தூக்கி கண்ணாடிப் பக்கம் சாய்ச்சு வச்சுடலாம். போன வருஷம் பம்ப் கேஸ்கெட் மாத்தினப்ப ஒயருக்குன்னு எனக்கு ஆனது இருபது நிமிஷம். சந்தேகம் வந்தா ஒரு ஒயரை உருவி ஓம்ஸ் பார்க்க அஞ்சு நிமிஷம். எந்த ஒயர் எதை உரசுதுன்னு ஹூடைத் திறந்து எட்டிப் பார்த்தாலே போதும். பின் ரெண்டு பிளக்கோட பூட் மட்டும் இன்னமும் தடவித்தான் மாட்டணும், அதுல எந்த வழியும் உதவல.

என் மேல் வழி ஒயர் பார்த்தது மூணு டெக்ஸாஸ் கோடை, கிட்டத்தட்ட 9,000 மைல், அவ்வளவுதான். பத்து வருஷம் தாங்கும்னு நான் சத்தியம் பண்ணல. என் வண்டியில கம்பெனி மேனிஃபோல்டுதான் இருக்கு, அதுக்குப் பதிலா ஹெடர்ஸ்னு வேற எக்ஸாஸ்ட் குழாய் போட்டவங்களுக்கு இறங்கற எடம் வேற மாதிரி இருக்கும், என் அளவை நம்பி வெட்டிடாதீங்க, வண்டியில வச்சு அளந்து வெட்டுங்க.

கீழ் வழி யாருக்குன்னா, கார்வெட் வச்சு நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி மாதிரி எடத்துல ஜட்ஜிங்குக்குக் கொண்டு போறவங்களுக்கு வேற வழியே இல்ல, ஒயர் போற பாதை உட்பட ஃபேக்டரி மாதிரி இருக்கணும். எப்படியும் வாட்டர் பம்ப், ஆப்டி, ஆல்டர்நேட்டர் எல்லாத்தையும் ஒரே மூச்சுல கழட்டப் போறீங்கன்னாலும் கீழ் வழி அவ்வளவு மோசமில்ல, எடம் திறந்து கிடக்கும், கிளிப் உக்கார்றது கண்ணுக்குத் தெரியும். நான் அன்னைக்கு அப்படிச் செஞ்சிருந்தா இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

விக்கும்போது விலை குறையுமான்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். கமாரோ வாங்க வர்றவங்க ஒயர் எப்படிப் போகுதுன்னு பார்த்து விலை பேசுவாங்கன்னு எனக்குத் தோணல. இருந்தாலும் கழட்டின லூம், கிளிப் எல்லாத்தையும் துடைச்சு ஒரு பிஸ்கட் டப்பால போட்டு கராஜ் ஷெல்ஃப்ல வச்சிருக்கேன். வாங்கறவர் கம்பெனி மாதிரிதான் வேணும்னார்னா டப்பாவைக் கையில குடுத்துடுவேன், 7க்குப் போற அந்தக் கடைசி கிளிப்பை மாட்டறது அவர் பாடு.