விளம்பரமான ஆய்வுப் பணியிடமா, சொந்த முன்மொழிவுக்கான உதவித்தொகையா?

வெளிநாட்டில் நிதியுடன் முனைவர் பட்டம் தேடுவோர் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையேதான் தயங்குகிறார்கள்.

தலைப்பு: பணியிடத்தில், பேராசிரியர் நிதி பெற்றுவிட்ட திட்டமே உங்கள் ஆய்வாகும். உதவித்தொகையில் கேள்வியை நீங்களே வகுக்கலாம். ஆனால் வழிகாட்டியின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும்.

வருமானம்: பணியிட வகையைச் சேர்ந்த, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் பல நிறுவனங்கள் இணைந்து நடத்தும் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகள் பணி ஒப்பந்தத்துடன் ஊதியமும் சமூகக் காப்பீடும் தருகின்றன. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தருவது மாத உதவித்தொகை.

தகுதி: மேரி கியூரியில், பணியமர்த்தலுக்கு முந்தைய 36 மாதங்களில், பணியமர்த்தும் நிறுவனம் உள்ள நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்தோ பணியாற்றியோ இருந்தால் பொதுவாக இடமில்லை என்பதால், இதை முதலில் சரிபாருங்கள், தகுதியற்ற விண்ணப்பத்தில் உழைப்பு வீணாவது வேதனைக்குரியது.

ஆய்வகத்தையும் கருவிகளையும் சார்ந்த துறையினருக்குப் பணியிடமே ஏற்றது. அவர்கள் ஐரோப்பிய ஆய்வுப் பணியிடங்கள் விளம்பரமாகும் யூராக்ஸஸ் தளத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். தனித்த கேள்வியை விட்டுக்கொடுக்க விரும்பாத மானிடவியல், வரலாற்று ஆய்வாளர்களுக்கு, கூடுதல் காத்திருப்பு இருந்தாலும், உதவித்தொகையையே பரிந்துரைப்பேன்.