விரல் தேய்மானமா, முட்டி தேய்மானமா: பரம்பரை எதுல ஜாஸ்தி?

எங்கம்மாவுக்கு விரல் நுனி மூட்டுல கடலைப்பருப்பு சைஸ்ல கெட்டியா முடிச்சு இருக்கு, பாட்டிக்கும் அதே மாதிரி இருந்துச்சு, மோதிரம் கழட்டவே சோப்பு போடணும். விரல் மூட்டு தேயறதோட அடையாளம் இது, ஹெபர்டன் முடிச்சுனு பேரு. விரல் தேய்மானத்துல பரம்பரையோட கை ஓங்கித்தான் இருக்கு. இரட்டைப் பிள்ளைங்கள வச்சு பண்ண ஆராய்ச்சிகள்ல கை மூட்டுக்கு சுமார் 60%, முட்டிக்கு 40% பக்கம் ஜீனோட பங்குனு வருது (60% பேருக்கு வரும்னு அர்த்தம் இல்ல, ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துல ஜீனுக்கு அவ்ளோ பங்கு, இத நெறைய பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க).

முட்டிக்கும் ஜீன் உண்டு, ஜிடிஎஃப்5னு ஒன்னு, குழந்தை வயித்துல இருக்கும்போது மூட்டு உருவாகவே அது வேணும், ஆனா அது ஒன்னு மேல மட்டும் பழி போட முடியாது, சின்னச் சின்ன மாற்றங்க நெறைய சேந்துதான் வேலை செய்யுது. முட்டி தேய்மானத்துல உடம்பு வெயிட்டும் முன்னாடி முட்டில பட்ட காயமும் ரொம்பப் பெரிய காரணம். 1 கிலோ குறைச்சா நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் சுமார் 4 கிலோ குறையுது. அதனால உங்க அம்மாவுக்கு முட்டிவலினா, நீங்க வெயிட்ட பாத்துக்கங்க, முட்டியத் தாங்குற தொடைத் தசைக்கும் இப்பவே எக்சர்சைஸ் ஆரம்பிங்க, ப்ளீஸ்.