பழைய கேசிங்கில் புது மதர்போட் ஏறாது என்கிறார்களா? பில்லில் கை வைக்க முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு நகரில் கணினி திருத்தக் கொடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். தவிர, இதே கதையைக் கல்முனைப் பக்கமும் ஒருவர் சொல்லக் கேட்டேன்.

என் டெஸ்க்டொப்பின் கேசிங், அதாவது சாமான்கள் எல்லாம் இருக்கும் வெளிப்பெட்டி, 2009இல் கொழும்பு யூனிட்டி பிளாசாவில் வாங்கியது. கறுப்பு நிறம், தடித்த இரும்பு, முன்பக்கம் முழுக்க வலை. உள்ளே இருந்த சாமான்கள் எல்லாம் காலத்துக்குக் காலம் மாறின, கேசிங் மாறவில்லை. பவர் சப்ளையும் அண்மையில் போட்டதுதான், நல்ல கொம்பனியின் 550 வோட். ஐப்பசி மின்னல் ஒன்றில் மதர்போட், மற்றச் சாமான்கள் எல்லாம் வந்து பொருந்தும் மூலப் பலகை, போய்விட்டது. கடையில் தெளிவாகச் சொன்னேன்: போட், புரொசசர், ராம் மூன்றும் புதிது போடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

பிறகு கடைத் தம்பி போன் எடுத்தார்.

"சேர், உங்கட கேசிங் பழைய மொடல். புதுப் போட் இதுக்கு ஏறாது."

"ஏடிஎக்ஸ் கேசிங்தானே தம்பி, எல்லாருக்கும் பொதுவான அளவுதானே, ஏன் ஏறாது?"

"அதெல்லாம் இப்ப மாறிட்டு சேர்."

நான் வந்து பார்க்கும்வரை ஒன்றையும் தொட வேண்டாம் என்றேன். போய்ப் பார்த்தால் வேலையே முடிந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் திருவிழாச் சப்பறம் மாதிரி கலர் விளக்குகள் எரிகின்றன. பில்லில் புதுக் கேசிங், 700 வோட் பவர் சப்ளை, மாற்றிய கூலி எல்லாம் ஏறியிருக்கிறது. பழைய கேசிங் எங்கே என்றால், "பழைய இரும்புக்குப் போட்டாச்சு சேர்." அதற்குள் இருந்த பவர் சப்ளை? அதற்குப் பதில் இல்லை.

மாறிவிட்டது என்றாரே, அது சுத்தப் பொய். ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் கொண்டுவந்தது 1995இல். முழு அளவுப் போட் 305க்கு 244 மில்லிமீற்றர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. திருகு போடும் துளைகளின் இடமும், பின்பக்கம் யூஎஸ்பி, ஓடியோ துளைகள் வரும் நீள்சதுர வாயின் அளவும் அன்று முதல் அதேதான். எனக்குப் போட்டது மைக்ரோ ஏடிஎக்ஸ் போட். என் பழைய கேசிங்கில் தாராளமாக உட்கார்ந்து மிச்ச இடமும் இருந்திருக்கும்.

உண்மையில் எது ஏறவில்லை என்று பிறகு பிடித்தேன். பழைய கேசிங்குகளில் பவர் விளக்கு வயரின் முனை மூன்று ஊசி அகலம், நடுத்துளை வெறுமை. இன்றைய போட்களில் அதற்கு அடுத்தடுத்து இரண்டு ஊசிதான். முனை பொருந்தாது. குண்டூசியால் பிளாஸ்டிக்கின் நாக்கை நெம்பி, ஒரு கம்பியை இழுத்துப் பக்கத்துத் துளையில் செருகினால் சரி. தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதுவும் வேண்டாம் என்றால் அந்த விளக்கை விட்டுவிடலாம், கணினி அது இல்லாமலே ஓடும். இதற்காகவா ஒரு கேசிங்?

கேசிங் மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லக்கூடிய நேரங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முந்நூறு மில்லிமீற்றருக்கு மேல் நீளமான கிராபிக்ஸ் கார்ட் வாங்கினால் பழைய கேசிங்கின் ஹார்ட் டிஸ்க் கூடு குறுக்கே நிற்கும். புரொசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர்களில் உயரமானவை 160 மில்லிமீற்றரையும் தாண்டி வருகின்றன, பக்கக் கதவு மூடாது. பெரிய பிராண்ட் அலுவலகக் கணினிகள் பலவற்றில் போட்டும் பவர் சப்ளையும் அந்தக் கொம்பனிக்கே உரிய வடிவம், அவற்றில் கடைக்காரர் "ஏறாது" என்றால் நம்பலாம். கல்லடி மாதிரிக் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றில் அடித்தட்டு துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பக்க யூஎஸ்பி வேகம் போதாது என்பதெல்லாம் காரணமே இல்லை. சீடி டிரைவ் இருந்த இடத்தில் பொருத்தும் யூஎஸ்பி 3 பலகை தனியாக விற்கிறது.

அப்புறம் அந்த 700 வோட். வீட்டுக்கு வந்து பக்கத்து லேபலை வாசித்தேன். 12 வோல்ட் வரியில் 20 அம்பியர் என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், 240 வோட். இன்றைய கணினியில் புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்டைத்தான். பெட்டியில் பெரிதாகப் போட்ட எண்ணை விட்டுவிட்டு இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும். என் பழைய 550இல் அந்த வரியில் 45 அம்பியர் இருந்தது. கையில் தூக்கினாலே தெரியும், புதியது காற்றடைத்த பெட்டிபோல லேசு.

கேசிங்கும் அதற்கேற்ற சோடிதான். பக்கத் தகட்டை விரலால் அமத்தினால் உள்ளே போகிறது. முன்பக்கம் முழுக் கண்ணாடி, அதற்குப் பின்னால் மூன்று ஃபேன். காற்று எங்கிருந்து வரும்? ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு ஒன்றுதான். மட்டக்களப்பு வெயிலில் புரொசசர் சூடு 90ஐத் தொட்டது. முன்கண்ணாடியைக் கழற்றியதும் குறைந்தது. இப்போது அப்படித்தான் ஓடுகிறது, பல்லுக் கழன்ற வாயோடு.

கடையில் சண்டை பிடித்துப் பயனில்லை. உருப்படி உருப்படியாக எழுதிய பற்றுச்சீட்டு கேட்டேன். முதலில் இழுத்தார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கப்போகிறேன் என்றதும், "எங்கேயோ போன" பவர் சப்ளை பின் அறையிலிருந்து வந்தது. 700 வோட்டுக்கு எடுத்த காசையும் திருப்பித் தந்தார்கள். கேசிங் மட்டும் வரவில்லை.

திருத்தக் கொடுக்க முன் மூடியைத் திறந்து உள்ளே படம் எடுங்கள், பவர் சப்ளையினதும் டிஸ்க்கினதும் தொடர் இலக்கம் தெரியும்படி. "கழற்றிய சாமான் எல்லாம் திருப்பித் தர வேண்டும்" என்று கொடுக்கும் துண்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள்.

பழைய இரும்புக்குப் போன கேசிங் என்று நான் இன்னும் நம்பவில்லை. முன்பக்கம் வலை, மேல்மூலையில் ஸ்டிக்கர் கிழித்த பசை அடையாளம், இடப்பக்கக் கதவில் ஒரு திருகு மட்டும் வெள்ளை. யாராவது உங்களிடம் விற்க வந்தால் வாங்காமல் எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.