செஸ்னா 172எஸ்: இருக்கை நாலு, ஆள் மூணு

சனிக்கிழமை இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப எந்த வாடகை விமானம் சரிப்படும் என்றால், செஸ்னா 172எஸ் என்று தயங்காமல் சொல்லலாம். 1955-ல் முதலில் பறந்த 172 குடும்பத்தில் இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். எஸ் மாடல் 1998-ல் வந்தது. லைக்காமிங் ஐஓ-360 எஞ்சின், 180 குதிரைத்திறன். கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ, ரீட்-ஹில்வியூ போன்ற சிறு ஏர்போர்ட்டுகளில் வரிசையாகக் கட்டி நிறுத்தியிருப்பவற்றில் ஏதாவது ஒரு 172 கண்ணில் படாமல் போகாது.

இறக்கை மேலே இருப்பதால் பின்சீட்டுக்காரருக்கும் கீழே கடற்கரை முழுசாகத் தெரியும். மழையிலும் வெயிலிலும் அதன் அடியில் நின்றே ஏறி இறங்கலாம். முதல் தடவை வரும் நண்பருக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் நாலு சீட் இருக்கிறதே என்று நாலு பேரை ஏற்றிவிடக் கூடாது. கணக்கைப் பாருங்கள். கையேடு பவுண்டிலும் கேலனிலும் பேசும். இங்கே கிலோவில் சொல்கிறேன். கிளம்பும்போது அதிகபட்ச எடை 1,157 கிலோ. கருவிகளோடு காலி எடை 770 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 387. இரண்டு டேங்கையும் நிரப்பினால் பயன்படும் பெட்ரோல் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. ஆட்களுக்கு மிஞ்சுவது 243: எண்பது கிலோ ஆசாமிகள் மூன்று பேர், கைப்பை கூடக் கிடையாது.

இதற்கு வழி டேங்கிலேயே இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தகடு தொங்கும். அதன் கீழ் விளிம்பு வரை ஊற்றினால் இரண்டு டேங்கிலும் சேர்த்து 132 லிட்டர், 95 கிலோ. மணிக்கு 34 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு இது மூன்று மணி நேரப் பறப்புக்கும் தாராளமான கையிருப்புக்கும் போதும். அப்போது 292 கிலோ ஏற்றலாம். எழுபது கிலோ ஆட்கள் நாலு பேரும் ஒரு சின்னப் பையும். அதனால் முந்தின நாளே நண்பர்களின் எடையைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். வாடகைக்குத் தருபவர் வழக்கமாக முழு டேங்க் போட்டு வைப்பவரா என்றும் விசாரியுங்கள். ஊற்றிய பெட்ரோலைத் திரும்ப எடுப்பது பெரிய வேலை. காலி எடையை அந்தந்த விமானத்தின் சொந்தத் தாளிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு.

பெட்ரோல் அளவுக்கு முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். தண்ணீர் பார்க்கும் வடிகால்கள் மொத்தம் 13: இறக்கைக்கு ஐந்து வீதம் பத்து, வயிற்றுப் பகுதியில் மூன்று. கடைசி மூன்றையும் குனிந்து எடுக்கச் சோம்பல்படுகிறவர்கள் அதிகம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில்தான் தங்கும்.

சீட்டைச் சரிசெய்த பிறகு உடம்பை முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பாருங்கள். சீட்டைப் பூட்டும் ஊசி தண்டவாளத்து ஓட்டையில் சரியாக உட்காராவிட்டால், மூக்கு தூக்கும் நொடியில் சீட் பின்னால் வழுக்கும். கை யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்) பிடித்துத் தொங்கும், மூக்கு இன்னும் ஏறும், விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். பழைய செஸ்னாக்களின் தண்டவாளத் தேய்மானத்தைச் சோதிக்க 1987-லேயே அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. கட்டாய உத்தரவு போட்டது இதற்காகத்தான். பக்கத்து சீட் நண்பருக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களின் சோதனை 1,800 ஆர்.பி.எம்.மில். ஒன்றை அணைத்தால் 150-க்கு மேல் விழக் கூடாது; இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். அதிகம் விழுந்து எஞ்சின் குலுங்கினால் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கில் பெட்ரோலில் உள்ள ஈயம் படிந்திருக்கும். ஆர்.பி.எம்.மைக் கொஞ்சம் கூட்டி, மிக்ஸ்சரை (காற்று-பெட்ரோல் கலவை) லீன் ஆக்கி, அதாவது பெட்ரோலைக் குறைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டால் பல தடவை எரிந்து போகும். தரையில் ஓட்டும்போதே லீன் ஆக வைத்தால் இந்தத் தொல்லை குறையும். ரீட்-ஹில்வியூவில் ஈயப் பெட்ரோல் விற்பனையை 2022 ஜனவரியில் நிறுத்தினார்கள். மற்ற இடங்களில் நிரப்பும்போது இதை நினைவில் வையுங்கள்.

இந்த எஞ்சினின் உண்மையான குறை சாப்பாட்டுக்குப் பிறகுதான் தெரியும். கடலோர ஹாஃப் மூன் பே ஏர்போர்ட்டில் இறங்கி ஒரு மணி நேரம் நிறுத்தினால், எஞ்சின் மூடிக்குள் அடைபட்ட சூட்டில் சிலிண்டர்களுக்கு மேலே ஓடும் மெல்லிய குழாய்களில் பெட்ரோல் ஆவியாகிவிடும். காலையில் செய்தது போல ப்ரைம் செய்தால் (ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினுக்குப் பெட்ரோல் செலுத்தினால்) பெட்ரோல் மிகுந்துபோய்ப் பிடிக்கவே பிடிக்காது. ப்ரைமை விடுங்கள். த்ராட்டில் கால் அங்குலம் திறந்து, மிக்ஸ்சர் பிடியை முழுக்க வெளியே இழுத்தபடியே (பெட்ரோலை நிறுத்தி) ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிடித்த கணத்தில் மிக்ஸ்சரை நிதானமாக உள்ளே தள்ளுங்கள். பத்து விநாடி சுழற்றி இருபது விநாடி ஆறவிடுவது. இப்படி மூன்று முறை. அதற்கும் மசியாவிட்டால் பத்து நிமிடம் சும்மா இருங்கள், இல்லையேல் ஸ்டார்ட்டர் கருகும். பழைய 172என், 172பி மாடல்களில் கார்புரேட்டர் என்பதால் இந்தப் பாடு குறைவு, ஆனால் கடலோர ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும். எஸ்ஸில் கார்புரேட்டரே கிடையாது, அந்தப் பயமில்லை.

லேக் டாஹோவுக்கு ஆசைப்படுபவர்கள் கவனிக்கவும். அந்த ஏர்போர்ட் 6,200 அடிக்கு மேல். 30 டிகிரி வெயிலில் விமானம் 9,500 அடியில் இருப்பது போலத்தான் உணரும். 180 குதிரையில் சுமார் 130 மிஞ்சும். ஓடுபாதை நீளம், கிளம்பிவிடும். கிளம்பியபின் சுற்றியுள்ள மலைகளுக்கு மேலே ஏற வேண்டுமே! இரண்டே பேர், காலைக் குளிர்ச்சியில் புறப்பாடு, கிளம்புமுன் மிக்ஸ்சர் லீன். முழு ரிச்சில் (பெட்ரோல் அதிகமாக வைத்து) கிளம்பினால் இருக்கிற சக்தியும் போகும்.

இறங்குவது சுலபம், வேகம் சரியாக இருந்தால். ஃபிளாப்பை (இறக்கையின் பின் விளிம்புத் தட்டு) முழுக்க இறக்கி 65 நாட், அதாவது மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர், ஓடுபாதை விளிம்பில் 60. பத்து நாட் கூட வைத்து வந்தால் மிதந்துகொண்டே போகும்; பொறுமை இழந்து அழுத்தினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதித் துள்ளும், அடி ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர்) போய் இறங்கும். வாடகை விமானத்தை எடுக்கும்போது மூக்குச் சக்கரத் தண்டையும் ஃபயர்வால் சுருக்கங்களையும் உற்றுப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

பைப்பர் ஆர்ச்சர் தரையில் இன்னும் உறுதியாக உட்காரும். ஆனால் கதவு ஒன்றுதான், அதுவும் வலப்பக்கம். பெட்ரோல் வால்வில் இடது, வலது மட்டுமே. பேச்சு சுவாரசியத்தில் டேங்க் மாற்ற மறந்தால் எஞ்சின் நிற்கும். செஸ்னாவில் ‘போத்’தில் (இரண்டு டேங்கும் சேர்ந்து) வைத்துவிட்டுப் போகலாம். அரட்டையோடு பறப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வாடகை பேசும்போது பெட்ரோல் சேர்த்தா, ஹாப்ஸ் மணியா (கடிகார நேரம்) டேக் மணியா (எஞ்சின் சுழற்சிக் கணக்கு) என்று கேளுங்கள். டேக் மீட்டர் குறைந்த ஆர்.பி.எம்.மில் மெதுவாக ஓடும், ஆகவே பில் குறையும். அமெரிக்காவில் பிரைவேட் லைசென்ஸ் வைத்திருப்பவர் பெட்ரோல், ஆயில், ஏர்போர்ட் கட்டணம், வாடகை இந்த நான்கை மட்டும் பங்கு போடலாம். மூன்று பேர் போனால் விமானியின் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் குறையக் கூடாது. கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்காவிட்டால் நண்பர்களை ஏற்றவே முடியாது. அந்த மூன்றையும் முந்தின வாரம் தனியாகப் போய் முடித்துக்கொள்ளுங்கள்.