ஊர் நகரத்துச் சிகுராத், மட்டையில் கட்டும் பெட்டி

பேத்திக்கு வரலாறு என்றால் உயிர். திருகோணமலை மத்திய வீதியில் ஒரு புத்தகக் கடையில் இந்தப் பெட்டியைக் கண்டதும் பிடித்த கையை விடவில்லை. 2,850 ரூபாய். இன்றைய ஈராக்கின் தெற்கில் பழங்காலத்தில் வாழ்ந்த சுமேரியரின் ஊர் நகரத்துச் சிகுராத்தை, அதாவது தட்டுத் தட்டாக உயரும் பெரிய கட்டடத்தை, மட்டையில் வெட்டி, மடித்து, ஒட்டிக் கட்ட வேண்டும். "அம்மப்பா, அந்த ஊருக்குப் பேரே ஊரா?" என்று கேட்டுக்கொண்டே தொடங்கினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

நான் 35 வருடம் மேசன் வேலை செய்தவன். மட்டை நல்ல தடிப்பு, வெட்டுக்கோடு எங்கும் பிசகவில்லை. சுவர் மேலே போகப் போக உள்ளே சாய்வதையும் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று படிக்கட்டுகளும் ஒரே வாசலில் வந்து சேர்ந்தபோது பேத்தி கைதட்டினாள்.

ஆனால் சுவரில் துவாரங்கள் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. அசல் கட்டடம் ஏறத்தாழ 4,100 வருடங்களுக்கு முன் ஊர்-நம்மு அரசன் தொடங்கியது. அடி ஏறத்தாழ 64 மீற்றர் நீளம், 45 மீற்றர் அகலம். உள்ளே முழுக்கச் சுடாத மண்கல். வெளியே சுட்ட செங்கல், சாந்துக்குப் பதில் தார். தார் ஈரத்தை விடாது. உள்ளே மண்கல் நனைந்து ஊதினால் வெளிச்சுவரைத் தள்ளிவிடும். அந்த ஈரம் வெளியேறத்தான் சுவர் முழுக்கச் சிறு துவாரங்கள் விட்டார்கள் என்று விளக்குகிறார்கள். உவர்மலைச் சரிவில் அணைச்சுவர் கட்டும்போது நாங்கள் குழாய் வைப்பதும் இதற்குத்தான். குழாய் வைக்காத சுவர் மார்கழி மழையில் வயிறு தள்ளி நின்றதைக் கண்டிருக்கிறேன். சரி என்று பேத்தியிடம் தையல் ஊசியைக் கொடுத்து வரிசையாகக் குத்தச் சொன்னேன்.

விளக்கத்தாளில் இதை அரசனின் கல்லறை என்று போட்டிருக்கிறார்கள். பிழை. இது சந்திரக் கடவுள் நன்னாவின் கோயில் மேடை. அரச கல்லறைகள் அருகே தனியாக இருந்தன, சில நூற்றாண்டுகள் மூத்தவை. 1922 முதல் 1934 வரை அங்கே அகழாய்வு செய்த லெனார்ட் வூலிதான் அவற்றை வெளிக்கொண்டு வந்தார். உச்சிக் கோயிலும் ஊகம். இன்று நிற்பது பெரும்பாலும் கீழ்த்தட்டுத்தான், அதன் முகப்பும் படிகளும்கூட 1980களில் திருத்திக் கட்டியவை. எது கிடைத்தது, எது ஊகம் என்று நிறம் மாற்றிக் காட்டியிருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

இவ்வளவு சொன்னாலும், வாங்கிக் கொடுங்கள். பெட்டியில் வரும் கோந்து முதல் தட்டோடு முடிந்துவிடும், இன்னொரு போத்தல் சேர்த்தே வாங்குங்கள்.