‘ஹெவி’ என்ற ஒரு சொல்லை நம்பி வாங்கிய ஸ்பிரிங் பிளஞ்சர்கள்: பினாங்குப் பட்டறைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பினாங்கின் பிறை நகரில் ஏழு பேர் வேலை செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். 1972 இல் தொடங்கப்பட்ட பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலத்தில் இயங்கும் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஜிக்குகளும் ஃபிக்ஸ்சர்களும், அதாவது வேலை நடக்கும்போது பொருளை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் சாதனங்கள், செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கடந்த ஆண்டு மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் 20 ஃபிக்ஸ்சர்களுக்கான ஆர்டர் வந்தபோது, அவற்றுக்கு வேண்டிய ஸ்பிரிங் பிளஞ்சர்களை ஒரு வணிகரிடம் வாங்கி ஏமாந்தேன். வெளியே திருகு மரை வெட்டிய சிறு உடலும், உள்ளே ஸ்பிரிங்கும், அது வெளியே தள்ளும் முனையும் கொண்ட உதிரி பாகம்தான் ஸ்பிரிங் பிளஞ்சர். முனை குண்டாக இருந்தால் பால் (ball) பிளஞ்சர், தண்டாக இருந்தால் பின் (pin) பிளஞ்சர். அவர் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார், அதற்கு நான் எங்கெல்லாம் இடம் கொடுத்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அந்த ஃபிக்ஸ்சர் ஒவ்வொன்றிலும் மூன்று நழுவு தட்டுகள் இருந்தன. தட்டு உள்ளே போய்ச் சேரும் இடத்தில் இரண்டு பால் பிளஞ்சர்களின் குண்டுகள் 120 பாகைப் பள்ளத்தில் விழுந்து தட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். தட்டின் மேல் வைக்கப்படும் அலுமினிய உறையை டவல் பின்களோடு (dowel pin, இடத்தைத் தீர்மானிக்கும் உலோக முளைகள்) சேர்த்து அணைத்துப் பிடிக்க, அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கால் ஆன முனை கொண்ட பின் பிளஞ்சர் ஒன்று வேண்டும். அதாவது எம் 8 அளவில் (மரையின் விட்டம் 8 மில்லிமீட்டர்) 120 பால் பிளஞ்சர்கள், எம் 6 அளவில் 60 பின் பிளஞ்சர்கள். இரண்டும் ஸ்டெயின்லெஸ் உடலாக இருக்க வேண்டும், அதிர்வில் கழலாமல் பிடிக்க மரையில் நைலான் ஒட்டு இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் வரைபடத்திலேயே குறித்திருந்தார்.

வழக்கமாக வாங்கும் இடத்தில் பால் பிளஞ்சர் 14 ரிங்கிட், பின் பிளஞ்சர் 17 ரிங்கிட். மொத்தம் 2,700 ரிங்கிட் ஆகியிருக்கும். அந்த வாரத்தில்தான் நான் சொன்ன அந்த வணிகர், வயதில் இளைய ஒரு தம்பி, மரப்பெட்டி நிறைய மாதிரிகளோடு பட்டறைக்கு வந்தார். நம் தமிழ்ப் பிள்ளை, பேச்சில் பணிவு, ‘அண்ணே’ என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியமும் முடியாது. அதே சரக்கை 8 ரிங்கிட்டுக்கும் 11 ரிங்கிட்டுக்கும் தருவதாகச் சொன்னார், மொத்தம் 1,620 ரிங்கிட். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால்தான் இந்த விலை என்றார். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரியை விரலால் அழுத்திப் பார்த்தேன், நன்றாகவே எதிர்த்தது. கொள்முதல் ஆணையில் ‘எம் 8, ஸ்டெயின்லெஸ், ஹெவி’ என்று எழுதி, அன்று மாலையே பணத்தையும் அனுப்பினேன்.

பின்னால் நடந்தவை அனைத்துக்கும் அந்த ‘ஹெவி’ என்ற சொல்லே வாசலாக அமைந்தது. ஸ்பிரிங் பிளஞ்சரின் விசையைச் சொல்ல இரண்டு எண்கள் உண்டு: முனை உள்ளே அழுந்தத் தொடங்கும்போது இருக்கும் தொடக்க விசை, முழு நகர்வும் முடியும்போது இருக்கும் இறுதி விசை. ஜெர்மனியின் ஹால்டர், ஜப்பானின் இமாவோ போன்ற தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் ஒவ்வோர் அளவுக்கும் இந்த விசை நியூட்டனில் அச்சிடப்பட்டிருக்கும். ‘லைட்’, ‘ஹெவி’ என்பவையோ அந்தந்தத் தயாரிப்பாளர் தம் வரிசைக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள் மட்டுமே. ஒருவரின் ‘ஹெவி’ இன்னொருவரின் ‘லைட்’டை விடத் தளர்வாக இருக்கலாம். இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு இது தெரியாமல் இல்லை. மாதிரி கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் எண்ணை எழுதாமல் விட்டுவிட்டேன்.

சரக்கு வந்தது, பொருத்தினோம், வேனில் ஏற்றிப் பினாங்குப் பாலத்தைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டாவது வாரத்தில் தொழிற்சாலைப் பொறியாளர் அழைத்தார். “அண்ணே, உங்க ஃபிக்ஸ்சர்ல இருந்து ஒரு குண்டு கழன்று போர்டு மேல கிடக்குது, உடனே வாங்க” என்று அவர் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்று மின்சாரம் பாயும் பலகையின் மீது உருண்டால் என்னவாகும் என்பதை இந்தத் துறையில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நல்ல வேளையாக அந்தப் பலகைக்கு அப்போது மின்சாரம் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

20 ஃபிக்ஸ்சர்களையும் திரும்ப எடுத்து வந்து பிரித்தபோதுதான் ஒவ்வொன்றாக வெளிவந்தது. பால் பிளஞ்சரில் குண்டு வெளியே வந்துவிடாமல் இருக்க, உடலின் வாய் விளிம்பை உள்நோக்கி நசுக்கி மடித்திருப்பார்கள். வந்த சரக்கில் அந்த மடிப்பு சில இடங்களில் நகம் பட்டாலே விலகும் அளவுக்கு மெலிதாக இருந்தது. 11 பிளஞ்சர்களில் குண்டு வெளியே வரும் நிலையில் இருந்தது, மூன்றில் குண்டே இல்லை. அந்த மூன்றில் ஒன்றைத்தான் தொழிற்சாலையில் கண்டெடுத்தார்கள். மற்ற இரண்டையும் எங்கள் வேனின் தரைவிரிப்புக்கு அடியில் கண்டுபிடிக்கும் வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்து விசை. விசையளவி வாங்க வசதியில்லாதவர்களுக்காக நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பிளஞ்சரைத் துளையிட்ட ஒரு தகட்டில் திருகி, முனை கீழ்நோக்கி இருக்குமாறு துளையிடும் இயந்திரத்தின் தலையில் பிடித்து, கீழே ஒரு மின்னணுச் சமையல் தராசை வைத்து மெல்ல இறக்கினால், குண்டு நகரத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டும் எடையே தொடக்க விசை. ஒரு கிலோகிராம் என்பதை ஏறக்குறைய 9.8 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தம்பி கொடுத்த மாதிரி 2 கிலோகிராமில் நகரத் தொடங்கி 3.9 கிலோகிராமில் முடிந்தது. வந்த சரக்கில் பத்தை எடுத்துப் பார்த்தால், தளர்ந்தது 700 கிராமிலும் இறுகியது 1.6 கிலோகிராமிலும் நகரத் தொடங்கின. ஒரே பையில் இருந்தவற்றுக்குள்ளேயே இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு.

இது தட்டில் எப்படித் தெரிந்தது என்பதற்குக் கணக்கு எளிது. உராய்வை ஒதுக்கிவிட்டால், 90 பாகைப் பள்ளத்தில் உட்கார்ந்த குண்டு தன் ஸ்பிரிங் விசைக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கும். 120 பாகைப் பள்ளத்தில் அதில் ஏறக்குறைய 0.58 பங்குதான் தாங்கும். பள்ளத்தில் உட்கார்ந்த நிலையில் குண்டு ஒன்றுக்கு 30 நியூட்டன் விசை என்று நான் கணக்கிட்டிருந்தபடி, இரண்டு குண்டுகள் சேர்ந்து தட்டை 35 நியூட்டன் வரை பிடித்திருக்க வேண்டும். குண்டு ஒன்றுக்கு 10 நியூட்டன்தான் என்றால் அது 12 நியூட்டனுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மேலே உள்ள காற்றழுத்த அழுத்தி தூக்கும் ஒவ்வொரு முறையும் தட்டு ஒரு துளி பின்வாங்கியதன் காரணம் இதுதான். பணியாளர்கள் அதைக் கையால் தள்ளிச் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். உறை மட்டும் தன் இடத்தை விட்டு விலகவில்லை. அதன் இடத்தை டவல் பின்கள் தீர்மானிக்கின்றன, பிளஞ்சரின் வேலை அதை அவற்றின் மீது தள்ளுவது மட்டுமே. பிளஞ்சர் முனையையே இடங்காட்டியாக வைத்து வடிவமைத்திருந்தால் சோதனை முழுவதும் பாழாகியிருக்கும்.

மூன்றாவதாக உலோகம். பட்டறைக் காந்தத்தை உடலுக்கு அருகே கொண்டுபோனவுடன் பட்டென்று ஒட்டிக்கொண்டது. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, “ஸ்டெயின்லெஸ்லயும் காந்தம் ஒட்டும் அண்ணே” என்றார் அந்தத் தம்பி. இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. குண்டு 440 சி வகை ஸ்டெயின்லெஸ் என்றால் காந்தம் ஒட்டத்தான் செய்யும். ஸ்டெயின்லெஸ் கம்பியை இழுத்துச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஓரளவு ஈர்க்கப்படும். ஆனால் 303 வகை ஸ்டெயின்லெஸ் உடலைக் காந்தம் இவ்வளவு பலமாகப் பிடிக்காது. எனவே காந்தத்தை முனைப் பக்கம் வைக்காமல், குண்டையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துவிட்டு உடலில் மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் ஐயம் தீராமல், மாதிரியையும் சரக்கில் ஒன்றையும் அரத்தால் தேய்த்து, உப்பு நீர் தடவி இரவு முழுவதும் வைத்தோம். காலையில் மாதிரி அப்படியே இருந்தது, மற்றது செம்பழுப்பாகத் துருவேறியிருந்தது. சாதாரண எஃகுக்கு மேல் பளபளக்கும் முலாம் பூசி அனுப்பியிருக்கிறார்கள்.

பின் பிளஞ்சர்கள் வேறு விதமாகக் கெட்டன, அதில் எங்கள் பிழையும் சேர்ந்திருக்கிறது. மரையில் இருக்க வேண்டிய நைலான் ஒட்டு ஒன்றில்கூட இல்லை. அப்போதே பெட்டியை மூடித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். கெடு நெருங்கிவிட்டதால், அதிர்வில் கழலாமல் இருக்கட்டும் என்று எங்கள் பையன்கள் மரையில் திரவப் பூட்டுப் பசையைத் தடவித் திருகிவிட்டார்கள். அந்தப் பசை மரை வழியாகக் கசிந்து உடலுக்குள் இறங்கி, 17 பிளஞ்சர்களில் முனையை அப்படியே ஒட்ட வைத்துவிட்டது. நைலான் ஒட்டு உள்ளதைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பசைதான் வழி என்றால், ஒரு சொட்டை முனையிலிருந்து விலகிய பின்பக்க மரையில் மட்டும் வைத்து, அது காயும் வரை பசை முனைப் பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தம்பியிடம் நேரில் சென்றேன். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் ஒலிக்கிறது: “நீங்க கேட்டது ஹெவி, நான் கொடுத்ததும் ஹெவிதான். எத்தனை நியூட்டன்னு பேப்பர்ல போட்டீங்களா அண்ணே?” ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தேனே என்றதற்கு ஒரு சான்றிதழை நீட்டினார். அது நகலின் நகல், சரக்கின் தொகுதி எண் எங்கும் இல்லை. கடைசியில் அடுத்த கொள்முதலில் 300 ரிங்கிட் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். அதன் பிறகு அழைப்புகளை எடுப்பதில்லை.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம் என்பது உண்மைதான். ஆனால் அது வீட்டுக்காகவும் சொந்தப் பயனுக்காகவும் வாங்குபவர்களுக்கானது, தொழிலுக்காக வாங்கிய என் பிளஞ்சர்களுக்கு அங்கே இடமில்லை. 1957 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் என் பக்கம் இருக்கிறது. மாதிரியைக் காட்டியும் விவரணம் சொல்லியும் விற்றால் சரக்கு இரண்டோடும் ஒத்திருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் 1,620 ரிங்கிட்டுக்காக வழக்கறிஞர் வைத்தால் கோழியை விட மசாலா விலை கூடிவிடும். வழக்கமான இடத்தில் 2,700 ரிங்கிட் கொடுத்துப் புதிதாக வாங்கி, மூன்று நாள் கூலி கொடுத்து, எல்லாவற்றையும் மாற்றினோம்.

இப்போது எங்கள் கொள்முதல் ஆணையில் மரை அளவு, உடல் நீளம், நகர்வு, தொடக்க விசை, இறுதி விசை, உடலின் உலோகம், முனையின் பொருள், நைலான் ஒட்டு உண்டா இல்லையா என்பவை அனைத்தும் எழுதப்படுகின்றன. சரக்கு வந்ததும் பையின் மேலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து பத்தை எடுத்துத் தராசில் வைக்கிறோம். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. மாதிரிப் பெட்டியோடு வருபவர் விலைப்புள்ளியில் நியூட்டன் எண்ணை எழுதத் தயங்கினால், அல்லது பிரபலமான தயாரிப்பாளரின் பட்டியல் எண்ணைப் போலவே இருந்து கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் மாறியிருந்தால், நான் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். எனக்கு வந்த சரக்கின் பைகளில் அப்படித்தான் இருந்தது. அதைக் கவனித்தது பணம் கட்டிய பிறகு.

கழற்றியெடுத்த பிளஞ்சர்களைச் சிவப்புச் சாயம் பூசி ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்குத் தராசில் வைத்துக் காட்ட அவை உதவுகின்றன. நடந்ததை எழுத வேண்டும் என்று முதலில் நினைக்கவில்லை. கடந்த வாரம் எங்கள் வரிசையின் கடைசிப் பட்டறை வாசலில், அதே மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தம்பி நின்றிருந்தார். உள்ளே இருந்த பெரியவர் ஒரு பிளஞ்சரை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.