ஏழு மையா, நான்கு மையும் நல்ல புரொஃபைலுமா?

திருப்பூரில் ஆடையில் தொங்கும் டேக், துணி நிறங்களைக் காட்டும் ஷேடு கார்டு அச்சிடுகிறவர்களைப் படுத்துவது மூன்று நிறங்கள்: பளீர் ஆரஞ்சு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ ஊதா. சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் இவை மங்கித்தான் விழும். சயான் மை சிவப்பு ஒளியை மட்டும் விழுங்க வேண்டும்; பச்சையையும் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. பச்சையை மட்டும் விழுங்க வேண்டிய மஜந்தாவுக்கும் அதே கோளாறு, நீலத்தில். இரண்டையும் கலந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்காகவே ஆரஞ்சு, பச்சை, ஊதா மைகளைக் கூடுதலாகச் சேர்த்த இங்க்ஜெட் மெஷின்கள் வருகின்றன. ஆரஞ்சையும் பச்சையையும் சேர்த்த ஹெக்சாக்ரோம் என்ற ஆறு மை முறையை, நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் நிறுவனம் 1990-களிலேயே கொண்டுவந்தது. ஆனால் மைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. ஆறு கலர் என்று விற்கும் பல மெஷின்களில் கூடுதலாக இருப்பவை லைட் சயானும் லைட் மஜந்தாவும்தான். படத்தில் முகம் மைப்புள்ளி தெரியாமல் வழவழப்பாக விழும், அவ்வளவே.

உண்மையான ஏழு மை மெஷின் ஆரஞ்சில் முந்துகிறது, சந்தேகமில்லை. இருந்தும் நாங்கள் நான்கு மையிலேயே நின்றோம். எந்த நிறத்துக்கு எந்த மை எவ்வளவு என்று சொல்லும் கோப்புதான் புரொஃபைல். மெஷினோடு வந்ததை ஒதுக்கிவிட்டு, நாங்கள் வாங்கும் ஆர்ட் பேப்பர் எவ்வளவு மை தாங்கும் என்று பார்த்து, நிறக் கட்டங்கள் கொண்ட சார்ட் அச்சிட்டு, நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியால் அளந்து சொந்தமாகப் புரொஃபைல் செய்தோம். மையில் இல்லாத நிறத்தைப் புரொஃபைல் உண்டாக்காது. மையும் தாளும் தரக்கூடியதை வீணாக்காமல் எடுத்துக் கொடுக்கும். படங்களையும் அதிக நிறங்கள் அடங்கும் அடோபி ஆர்ஜிபி என்ற நிற வரம்பில் கேட்டு வாங்குகிறோம். அதைவிடக் குறுகிய எஸ்ஆர்ஜிபி-யில் வந்தால், மெஷினால் அச்சிட முடிகிற நிறமே கோப்பில் வெட்டுப்பட்டிருக்கும். நெகமம் சேலை கேட்டலாக்கின் மயில்நீலத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

கணக்கைத் தீர்த்தது பராமரிப்பு. எங்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி கறுப்பு, நேவி, கிரே, மெரூன். ஊதா மை நாள்கணக்கில் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் மைதான் முதலில் காயும். சித்திரை வெயிலில் ஏசியை அணைத்துப் பூட்டிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மைத் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் போட்டுப் பாருங்கள்: கோடுகள் பல் உடைந்த சீப்பாக வரும். ஹெட் கிளீனிங் கொடுத்தால், பல மெஷின்களில் அடைத்த நிறத்தோடு அடைக்காத மைகளும் சேர்ந்து வேஸ்ட் டேங்குக்குப் போகும். நான்கு மையில் இது எரிச்சல். ஏழு மையில் பணம். போதாததற்குக் கார்ட்ரிட்ஜின் மேல் காலாவதித் தேதி வேறு. பாதிகூடத் தீராத ஊதாவைத் தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? படத்தின் நிறங்களை ஏழு மைகளுக்கும் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த ரிப் மென்பொருளின் செலவு தனி.

ஏழு மை மெஷினில் என் பழக்கம் நண்பரின் கடையோடு சரி. நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு மை காயும் தொல்லை குறைவாக இருக்கக்கூடும். பான்டோன் எண்ணைக் கொடுத்துவிட்டு அதிலிருந்து அசையாத, ஆடை வாங்கும் பையர்கள் தினமும் வருகிற கடை என்றால் ஏழு மையையே வாங்கலாம்.

எங்களிடம் ஆரஞ்சு லோகோ டேக் வந்தால் ஆஃப்செட்டில் தனி மை கலந்து அடிக்கக் கொடுத்துவிடுகிறோம். ஷேடு கார்டில் ஊதா வந்தால் பக்கத்தில் துணித் துண்டையே ஒட்டிவிடுகிறோம். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்கள் எப்படியும் துணியைத்தான் நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கிறார்கள்.